பத்து லட்சம் கோப்புகளுக்கு வருகைப்பதிவு எடுப்பது எப்படி?



நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே படிக்கலாம்.

போன மாதம் தபால்தலையின் வரலாறு எழுதியபோது, கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர், "எங்கள் தொழிலிலும் வரலாறு இருக்கிறது சார், அதையும் எழுதுங்கள்" என்று கேட்டார்கள். அவர்களுடைய அம்மா அப்பாக்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். "பையன் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், என்ன செய்கிறான் என்றுதான் புரியவில்லை" என்று வருத்தப்படுகிறவர்கள். இரு தரப்புக்கும் சேர்த்து ஒரு கதை சொல்கிறேன். படித்தும், தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டும் சேகரித்தது.

முதலில் பெற்றோருக்கு. ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறோம். முதல் வாசகம், பிறகு பெரியப்பா பெயர் சேர்த்தது, பிறகு முகூர்த்த நேரம் திருத்தியது. கம்ப்யூட்டரில் "பத்திரிகை", "பத்திரிகை புதுசு", "பத்திரிகை கடைசி", "பத்திரிகை இதுதான் கடைசி" என்று நாலு கோப்புகள் கிடக்கும். எது அச்சுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பத்திரிகைக்கே இப்படி என்றால், ஆயிரம் பேர் சேர்ந்து எழுதும் ஒரு புரோகிராமுக்கு எப்படி இருக்கும்? யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்று ஒன்று விடாமல் குறித்துவைத்து, கேட்டால் எந்த நாளின் நிலையையும் திருப்பிக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை ஒருவர் வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளைக்குத்தான் வெர்ஷன் கன்ட்ரோல் என்று பெயர். இன்று உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் பயன்படுத்துவது கிட் என்ற ஒன்றை.

இந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கோப்புகள் கூடிக்கொண்டே போனபோது என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பாடம்.

1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்ற முறையை உருவாக்கினார். பத்தாண்டு கழித்து பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி ஆர்.சி.எஸ். என்று ஒன்றைச் செய்தார். டிக்கி செய்த ஒரு புத்திசாலித்தனம்: கடைசி நிலையை முழுசாக வைத்துக்கொண்டு, பழைய நிலைகளை "இதிலிருந்து இன்னின்ன வித்தியாசம்" என்று மட்டும் எழுதிவைத்தார். நமக்கு அடிக்கடி வேண்டியது புதியதுதானே. அது உடனே கையில் கிடைக்கும்.

இரண்டிலும் பொதுவான வழக்கம் பூட்டுப் போடுவது. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால், அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் தொட முடியாது. மதிப்பெண் பதிவேட்டை ஒரு ஆசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு லீவில் போனால் மற்றவர்கள் பாடு என்ன ஆகும் என்று நம் சக ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பூட்டை உடைத்தது ஒரு வாத்தியாரும் இரண்டு மாணவர்களும் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரை பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர், 1984-85 வாக்கில், இரண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் காலை ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவர். இன்னொருவருக்கு நேரம் காலம் கிடையாது. க்ரூனுக்கோ மாலையில் மட்டும்தான் ஓய்வு. பூட்டுப் போட்டால் மூவரில் யாராவது ஒருவர் எப்போதும் காத்துக்கிடக்க வேண்டும். ஆகவே, மூவரும் தனித்தனிப் பிரதி வைத்துக்கொண்டு எழுதட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம், ஒரே வரியில் இருவரும் கை வைத்திருந்தால் மட்டும் பேசித் தீர்க்கலாம் என்று ஒரு ஏற்பாடு செய்தார். ஆர்.சி.எஸ்.-ஐ அடியில் வைத்து மேலே சில கட்டளைத் தொகுப்புகள், அவ்வளவுதான். 1986-இல் அதை எல்லோருக்கும் பொதுவில் கொடுத்துவிட்டார். அதுதான் சி.வி.எஸ். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு உலகத்தின் பாதிப் புரோகிராமர்கள் அதன் நிழலில்தான் வேலை செய்தார்கள் என்றால் அது மிகையில்லை.

ஆனால் சி.வி.எஸ். ஒவ்வொரு கோப்புக்கும் தனி நோட்டுப் போட்டு வைக்கும். பள்ளியில் மாணவனுக்கு ஒரு நோட்டு இருக்கலாம். "இன்று பள்ளி எந்த நிலையில் இருந்தது" என்பதற்கு நோட்டு கிடையாது. "இந்த நிலைக்கு முதல் வெளியீடு என்று பெயர் வைக்கிறோம்" என்று சொன்னால், அது ஒவ்வொரு நோட்டாகத் திறந்து அந்தப் பெயரை எழுத வேண்டும். நூறு கோப்பு என்றால் சரி. பல ஆயிரம் கோப்பு இருந்தால், கட்டளை கொடுத்துவிட்டு எழுந்து போய்விட வேண்டியதுதான். ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் அதன் பழைய வரலாறு புதுப் பெயரோடு சேர்ந்து வராது.

2000-இல் தொடங்கி 2004-இல் முதல் முழு வெளியீட்டைக் கண்ட சப்வெர்ஷன் இதைச் சரிசெய்தது. மொத்தக் களஞ்சியத்துக்கும் ஒரே வரிசை எண். 5,000-வது நிலை என்றால் அத்தனை கோப்புகளும் அன்று இருந்தபடி. பெயர் சூட்டுவதும் நொடியில் முடிந்தது. நல்ல வேலைதான். அதை விரைவாகக் கடந்து கிட்டுக்கு வருகிறேன்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கருவை உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் எழுதுகிறார்கள். 1991 முதல் 2002 வரை லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தங்களை மின்னஞ்சலில் வாங்கித்தான் சேர்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிட்கீப்பர் என்ற ஒரு நிறுவனத்தின் மென்பொருளை இலவச அனுமதியில் பயன்படுத்தினார். 2005-இல் தகராறு வந்தது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் பிட்கீப்பரோடு பேசக்கூடிய ஒரு புரோகிராமை எழுத, அந்த நிறுவனம் இலவச அனுமதியை நிறுத்திவிட்டது. டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் உட்கார்ந்து சொந்தமாக ஒன்றை எழுத ஆரம்பித்தார். சில நாட்களிலேயே கிட் தன்னுடைய வரலாற்றைத் தானே பதிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. ஜூலையில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். அதே ஏப்ரலில், அதே தகராறின் காரணமாக, மாட் மெக்கால் என்பவர் மெர்க்குரியல் என்று இன்னொன்றைத் தொடங்கினார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

கிட்டில் முதன்முதலாகப் பதிந்த லினக்ஸ் கருவில் 17 ஆயிரத்துக்குச் சற்று அதிகமான கோப்புகள் இருந்தன. அந்த அளவுக்கு அது பொன்னான கருவி. உள்ளே பார்த்தால் கோப்புக் கூட்டத்தைச் சமாளிக்க அழகான ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் ஒரு கணக்கில் போட்டு, 40 எழுத்து நீளமுள்ள ஒரு பெயரைத் தருகிறது. அந்தப் பெயரில் முதல் இரண்டு எழுத்து எதுவோ அந்தப் பெயருள்ள தட்டில் அதை வைக்கிறது. மொத்தம் 256 தட்டுகள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் திணித்தால் தேடுவதற்குள் விடிந்துவிடும் அல்லவா? நம் ஊரில் சேர்க்கைப் பதிவேட்டைப் பெயரின் முதல் எழுத்தால் பிரித்தால் 'ச' தட்டும் 'ம' தட்டும் நிரம்பி வழியும், 'ஞ' தட்டு காலியாகக் கிடக்கும். கிட் போடும் கணக்கில் எல்லாத் தட்டும் ஏறக்குறைய சமமாக நிரம்பும். தனித்தாள்கள் சுமார் 6,700-ஐத் தாண்டினால் தானாகவே அவற்றைச் சேர்த்துக் கட்டி பைண்டு செய்துவிடும்.

ஆக, பழைய தாள்களைப் பத்திரப்படுத்துவதில் கிட்டுக்குச் சிரமம் அதிகம் இல்லை. சிரமம் வந்தது வேறு இடத்தில். வகுப்பறையில்.

வேலை செய்கிறவர் "இப்போது என்ன நிலவரம்?" என்று கேட்டால், கிட் தன்னிடமுள்ள பெயர்ப் பட்டியலை எடுக்கும். ஒவ்வொரு கோப்பிடமும் போகும். "உன் அளவு என்ன? கடைசியாக எப்போது மாறினாய்?" என்று கேட்டுத் தன் குறிப்போடு ஒப்பிடும். மாறியிருந்தால் குறித்துக்கொள்ளும். நாம் பதிவேட்டைத் திறந்து பெயர் பெயராக வாசிக்க, பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்பார்களே, அதேதான். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு நிமிடம். 17 ஆயிரம் கோப்புகளைக் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் வாசித்துவிடும். 13 லட்சம் இருந்தால்?

2012 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் அதைத்தான் சோதித்துப் பார்த்தார். தங்கள் நிறுவனம் வளரும் வேகத்தைக் கணக்கிட்டு, அதே மாதிரி செயற்கையாக ஒரு களஞ்சியம் தயாரித்தார். 13 லட்சம் கோப்புகள், 40 லட்சம் பதிவுகள். நிலவரம் கேட்டால், எல்லாம் நினைவகத்தில் ஏற்கெனவே ஏறியிருந்தபோது 24 நொடி. ஏறாதபோது 39 நிமிடம். ஒரு பீரியடு முழுக்க வருகைப்பதிவே எடுத்தால் பாடம் நடத்துவது எப்போது?

இது வெறும் அவசரக்காரர்களின் புலம்பல் இல்லை. பதிவேடு பாரமானால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஆறு பதிவேடு எழுதச் சொன்னால், மாலையில் நினைவிலிருந்து நிரப்புகிறவர்கள் வந்துவிடுவார்கள். சில இடங்களில் வாரக் கடைசியில் மொத்தமாக நிரப்பியதையும் பார்த்திருக்கிறேன். புரோகிராமரும் மனிதர்தான். பதிவதற்கு அரை மணி நேரம் ஆகும் என்றால் அடிக்கடி பதிய மாட்டார். மூன்று நாள் வேலையைச் சேர்த்துவைத்து ஒரே மூட்டையாகப் போடுவார். பிறகு அதில் எந்த வரியில் பிழை வந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கணக்குப்பிள்ளையை வைத்ததே வீண்.

அந்தப் பொறியாளர் தன் சோதனை முடிவை எழுதி, கிட்டை வளர்ப்பவர்களிடமே ஆலோசனை கேட்டார். முக்கியமாகக் கிடைத்த பதில்: களஞ்சியத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. நூறு பேர் இருக்கும் வகுப்பை ஏ, பி என்று பிரிக்கிறோம் இல்லையா? ஆண்ட்ராய்டு அப்படித்தான் நூற்றுக்கணக்கான கிட் களஞ்சியங்களாக இருக்கிறது. அவற்றைக் கோத்து வைக்கவே தனியாக ஒரு கருவி எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிரிப்பதற்கு ஒரு விலை உண்டு. பொதுவான ஒரு பகுதியைத் திருத்தினால், அதை நம்பியிருக்கும் நூறு இடங்களையும் கூடவே திருத்த வேண்டும். ஒரே களஞ்சியம் என்றால் ஒரே பதிவில் முடியும். நூறு களஞ்சியம் என்றால் நூறு பதிவு. இடையில் பாதி இடம் பழையது, பாதி இடம் புதியது. பாடத்திட்டம் மாறிய ஆண்டில் சில பள்ளிகளுக்குப் புதுப் புத்தகமும் சில பள்ளிகளுக்குப் பழைய புத்தகமும் போய்ச் சேர்ந்தால் பொதுத்தேர்வு எப்படி நடத்துவது? என் அபிப்பிராயத்தில், ஆலோசனை சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. கருவிக்கு ஏற்றபடி வேலையை வெட்டச் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது வேலைக்கு ஏற்றபடி கருவி.

ஃபேஸ்புக்காரர்கள் மெர்க்குரியல் பக்கம் போனார்கள். 2014 ஜனவரியில் தாங்கள் செய்ததை விரிவாக எழுதினார்கள். அதில்தான் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இருக்கிறது. எல்லாக் கோப்பிடமும் போய்க் கேட்பதை விட்டுவிட்டார்கள். எந்தக் கோப்பை யார் மாற்றினாலும் இயங்குதளத்துக்கு அது தெரியும். அந்தத் தகவலைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்க ஒரு சிறு புரோகிராமை உட்காரவைத்தார்கள். அதன் பெயரே வாட்ச்மேன். வாசலில் இருக்கும் காவலாளி தாமதமாக வந்தவர், இடையில் வெளியே போனவர் பெயரை மட்டும் சீட்டில் குறித்துவைப்பது போல. தலைமையாசிரியர் கேட்டால் அந்தச் சீட்டில் உள்ள ஐந்து பேரை மட்டும் பார்த்தால் போதும், ஆயிரம் பேரை எழுப்ப வேண்டாம். இன்னொன்றும் செய்தார்கள். கோப்புகளின் பழைய வரலாற்றை எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் அனுப்பாமல் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, கேட்டபோது கொடுத்தார்கள். தங்கள் களஞ்சியத்தில் நிலவரம் கேட்பது கிட்டைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வேகமாகிவிட்டது என்று அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள்.

கூகுள் ஆரம்பத்திலிருந்தே தனி வழி. பத்தாண்டுக்கும் மேலாக பெர்ஃபோர்ஸ் என்ற மென்பொருளை நம்பியிருந்து, பிறகு பைப்பர் என்று சொந்தமாகக் கட்டிக்கொண்டார்கள். ரேச்சல் பாட்வின், ஜோஷ் லெவன்பெர்க் இருவரும் 2016-இல் எழுதிய கட்டுரையில் 2015 ஜனவரி நிலவரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே களஞ்சியம். சுமார் 100 கோடி கோப்புகள். நகல்கள், நீக்கியவை எல்லாம் போக, புரோகிராம் எழுதிய தனிக் கோப்புகள் மட்டும் 90 லட்சம், வரிகள் 200 கோடி. 3.5 கோடிப் பதிவுகள், 86 டெராபைட்.

அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். ஒரு பொறியாளருடைய சொந்த வேலையிடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் கோப்புகள் சராசரியாகப் பத்துக்கும் குறைவு! அவர் கண்ணுக்கு மொத்தக் களஞ்சியமும் தெரியும், எதை வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆனால் அவர் கை வைத்துத் திருத்தியவை மட்டுமே அவர் பெயரில் வைக்கப்படும். நூலகத்தில் லட்சம் புத்தகம் இருந்தாலும் உங்கள் மேசையில் இருப்பது மூன்றுதானே. 100 கோடியைச் சமாளித்த ரகசியம் இவ்வளவுதான்: ஒருவருக்கு ஒரு நேரத்தில் அது 100 கோடி இல்லை.

மைக்ரோசாஃப்ட் கதை 2017-இல் வெளியே வந்தது. விண்டோஸ் அதுவரை 40-க்கும் மேற்பட்ட தனிக் களஞ்சியங்களாகக் கிடந்தது. அதை ஒரே கிட் களஞ்சியமாக்க முடிவு செய்தார்கள். 35 லட்சம் கோப்புகள், 300 ஜி.பி., சுமார் 4,000 பொறியாளர்கள். கிட்டை அப்படியே பயன்படுத்திப் பார்த்தால், முதல் பிரதி எடுக்க 12 மணி நேரத்துக்கு மேல், நிலவரம் கேட்டால் 10 நிமிடம். அவர்கள் செய்த ஏற்பாடு, விண்டோஸுக்கு அடியிலேயே ஒரு மாயத்திரை போட்டது. கோப்புகள் எல்லாம் இருப்பதுபோல் பெயர் தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது. திறக்கும் நொடியில் சர்வரிலிருந்து வந்து இறங்கும். திறக்காத கோப்பு மாறியிருக்க வழியில்லை, ஆகவே அதன் பெயரை வாசிக்கவும் வேண்டாம். 12 மணி நேரம் சில நிமிடமானது, 10 நிமிடம் நாலைந்து நொடியானது. இந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் ஏற்கெனவே இன்னொரு மென்பொருளுக்கு இருந்ததால் அடுத்த ஆண்டு பெயரையும் மாற்ற வேண்டி வந்தது. பெரிய நிறுவனமானாலும் பெயர் சூட்டுவதற்கு முன் நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கதையில் முக்கியம் என்று நினைக்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஆட்கள் தங்களுக்கு மட்டும் ஒரு தனிக் கிட் வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. பொதுக் கிட்டுக்குள்ளேயே தங்கள் திருத்தங்களைக் கொண்டுவந்து சேர்க்க ஆரம்பித்தார்கள். 2018 ஜனவரியில் வந்த 2.16 வெளியீட்டில், "எல்லோரையும் எழுப்பாதே, காவலாளியிடம் கேள்" என்ற வசதி கிட்டுக்குள் நுழைந்தது. அதற்கு முன்மாதிரியாக இணைத்துக் கொடுத்த காவலாளி யார் தெரியுமா? அதே வாட்ச்மேன். துண்டாக்குங்கள் என்று கேட்டுவிட்டு மெர்க்குரியலுக்குப் போன ஃபேஸ்புக் எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்த அதே புரோகிராம், ஆறு ஆண்டு சுற்றி, வேறொரு நிறுவனத்தின் கைவழியாகக் கிட்டின் வாசலிலேயே வந்து உட்கார்ந்தது. 2022-இல் வந்த 2.37 வெளியீட்டில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் கிட் தன் சொந்தக் காவலாளியையே வைத்துக்கொண்டது.

மாயத்திரையையும் மெல்ல விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு இயங்குதளத்தின் அடிவயிற்றிலும் கை வைக்க வேண்டியிருந்தது அதற்கு. அதைவிட எளிய வழி, "எனக்கு இந்த மூன்று அறை மட்டும் போதும்" என்று வேலை செய்கிறவரே சொல்லிவிடுவது. இதற்கு ஸ்பார்ஸ் செக்அவுட் என்று பெயர். கிட்டில் 2010 முதலே இருந்தாலும் கையாளக் கடினமாக இருந்தது. 2020 ஜனவரியில் அதற்கென்று தனிக் கட்டளை வந்தது. அடுத்த ஆண்டு பெயர்ப் பட்டியலையே சுருக்கினார்கள். வேண்டாத அறையில் உள்ளவர்களைப் பெயர் பெயராக எழுதாமல், "இரண்டாம் மாடி முழுவதும்" என்று ஒரே வரியில் எழுதும் வசதி. 2022 அக்டோபரில், இந்த ஏற்பாடுகளையெல்லாம் ஒரே கட்டளையில் அமைத்துத் தரும் ஸ்கேலார் என்ற கருவி கிட்டோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. அடுத்த மாதமே ஃபேஸ்புக், மெட்டா என்ற புதுப் பெயரில், மெர்க்குரியலிலிருந்து தான் வளர்த்தெடுத்த சேப்ளிங்கை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அது கிட் களஞ்சியங்களோடும் வேலை செய்யும்.

நம் பிள்ளைகள் பலர் ஓ.எம்.ஆர். சாலையிலும் பெங்களூருவிலும் கடல் தாண்டியும் இந்தக் களஞ்சியங்களுக்குள்தான் காலை முதல் இரவு வரை இருக்கிறீர்கள். உங்களுடையது எவ்வளவு பெரியது, நிலவரம் கேட்டால் எத்தனை நொடி ஆகிறது, காவலாளி வைத்திருக்கிறீர்களா இல்லை இன்னும் "உள்ளேன் ஐயா"தானா என்று கீழே எழுதுங்கள். கம்பெனி ரகசியம் என்றால் வேண்டாம், வேலைக்கு ஆபத்து வரவைத்த வாத்தியார் என்ற பெயர் எனக்கு வேண்டாம். பெற்றோர்கள், இன்று இரவு போன் பேசும்போது "நீ எத்தனை கோப்பு வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டாயா என்பதற்கு வரும் பதிலைவிட நீளமான பதில் வரும்.